கதைச்சுருக்கம் என்ற கட்டம்

இராமநாதபுரம்
18.1.2024

அன்புள்ள காலிதா,

நாங்கள் நலம். கிள்ளானில் நீயும் அண்ணனும், வெளியூரில் உன் பையன் வசீமும் நலம்தானே? பொங்கல் முடிந்து வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மகள் சிநேகாவும் லீவு முடிந்து நேற்று கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இவர் மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் விட்டிருக்கிறார் என்று அபிராமம் போயிருக்கிறார். இந்த வருடம் பூ உதிராமல் நன்றாக நின்றதாம். விலை நிற்குமா என்பது வேறு கதை.

போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீள மெயில் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். சொல்ல வந்ததை விட்டுவிட்டு நான் உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

என் மாலைக்கண் உனக்குத் தெரியும். கல்லூரி விடுதியில் இருட்டினால் கையைப் பிடித்து என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போனவள் நீ. அது மாலைக்கண் மட்டும் இல்லையாம். விழித்திரை ஓரத்திலிருந்து அழிந்துகொண்டே வரும் நோயாம். மதுரையில் டாக்டர் நாலு வருடம் முன்பே சொல்லிவிட்டார். உன்னிடம் நான்தான் சொல்லவில்லை. ஓரமெல்லாம் போய், இப்போது அடியில்லாத உழக்கு வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிறது. அந்த உழக்கும் சிறுத்துக்கொண்டு வருகிறது. வாலிநோக்கம் உப்புக் கம்பெனி வேலையைப் போன ஆனியில் விட்டுவிட்டேன். கணக்கு எழுத முடியாமல் இல்லை. அங்கே பாத்தி வெளிச்சம் கண்ணில் அடித்தால் அரைமணி நேரத்துக்கு ஒன்றுமே தெரியாமல் போகிறது.

வருத்தம் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும்.

என் படங்களை நான் விடப்போவதில்லை. இரண்டு அலமாரி நிறைய வட்டுகள் இருக்கின்றன. பாதி, பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த வீடியோ கடையை மூடியபோது மொத்தமாக அள்ளிவந்தது. பாதி, மாதச் சம்பளத்தில் ஒன்றிரண்டாக வாங்கியது. கண் முழுக்கப் போனபிறகும் அவற்றைப் போட்டுப் பார்ப்பேன். வசனம் கேட்கும். பாட்டு கேட்கும். பேச்சில்லாத இடங்கள்தான் போய்விடும். எனக்குப் பிடித்த படங்களெல்லாம் அந்த இடங்களில்தான் இருக்கின்றன. அதனால் கண் இருக்கும்போதே ஒவ்வொரு படமாகப் போட்டு, யாரும் பேசாத இடத்தில் திரையில் என்ன நடக்கிறது என்று எனக்கு நானே எழுதி வைக்கிறேன். பின்னால் அந்த இடம் வரும்போது படத்தை நிறுத்திவிட்டு, கணினியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். ஆனியில் தொடங்கியது. கால்வாசி முடிந்திருக்கிறது.

சிநேகா கணினியில் படம் பதிந்து வைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். எந்த வட்டு எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று குரலே சொல்கிறது. நான் எழுதுவதை 'கதைச்சுருக்கம்' என்ற கட்டத்தில் எழுதி வருகிறேன். இருப்பதிலேயே அதுதான் பெரிய கட்டம்.

சங்கடம் என்னவென்றால், ஒரு படத்தைத் திறந்தால் அந்தக் குரல் முதலில் ஆண்டு, நாடு, எத்தனை நிமிடம், திரையின் அகலம், ஒலியின் வகை என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் என் எழுத்துக்கு வருகிறது. எழுத்தும் பொடி எழுத்து, வெள்ளைப் பின்னணி, கண் கூசுகிறது. செட்டிங்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் இருக்கும் கட்டங்களைப் பார்த்தால் கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஆளைத் தேடுவதுபோல இருக்கிறது. உனக்கு இதெல்லாம் கைவந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அழாமல் எழுது.

உன்,
பூமயில்

*

கிள்ளான்
24.1.2024

பூமயில்,

நாலு வருடமா? நாலு வருடமாக மாதம் இரண்டு முறை என்னோடு போனில் மிளகாய் விலை பேசினாய், மாமியார் முட்டிவலி பேசினாய், என் சர்க்கரை அளவைக் கேட்டுத் திட்டினாய். கண்ணைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. இதற்குமேல் எழுதினால் நீ பயந்தபடியே நீ என்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். எழுதவில்லை. அழுதேன், அது என் சொந்த விஷயம்.

இனி வேலை. மருந்து மொத்தக்கடையில் இத்தனை வருடமாகச் சரக்கு மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவளிடம்தான் கேட்டிருக்கிறாய். சிநேகாவிடம் சொல்லி அதே மென்பொருளை நானும் இங்கே போட்டுப் பார்த்துவிட்டேன். நல்ல மென்பொருள்தான். செட்டிங்ஸில் 'தோற்றம்' என்று இருக்கும். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, எழுத்தளவை இருப்பதிலேயே பெரியதாக வை. வட்டு உறையின் படத்தைக் காட்டுவதை நிறுத்து, இடத்தை அடைக்கிறது. 'கட்டங்களின் வரிசை' என்பதில், வேண்டாத கட்டங்களுக்கு எதிரில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் குரல் அவற்றைத் தாண்டிப் போய்விடும். கதைச்சுருக்கத்தை இழுத்து மேலே வை, இருப்பிடத்துக்கு அடுத்ததாக.

இன்னொன்று. படத்துக்குப் பெயர் இருக்கும்போது 'கிணற்றுப் படம்', 'லாரிப் படம்', 'மூன்று குடை' என்று பதிந்து வைத்திருக்கிறாயாமே, சிநேகா சொல்லிச் சிரித்தாள். இது என்ன சரக்கு? எங்கள் கடையில் 'மஞ்சள் மாத்திரை' என்று பதிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். சரியான பெயரைப் போட்டால் நடிகர், இயக்குநர், ஆண்டு எல்லாம் நெட்டிலிருந்து தானாக வந்து நிரம்பும். அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது. அந்த விவரங்களையெல்லாம் தட்டச்சு செய்து நீ கண்ணைக் கெடுக்காதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் கணினியை இங்கிருந்தே திறக்க எனக்கு அனுமதி கொடு. நானே எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறேன்.

அதற்கு முன்னால் பேக்கப் எடு. பேக்கப் இல்லாமல் நான் எதையும் தொடமாட்டேன்.

வேல்சாமி அண்ணனுக்கு என் சலாம். உன்னைப் பார்த்துக்கொள்கிறாரா?

காலிதா

*

இராமநாதபுரம்
5.2.2024

அன்புள்ள காலிதா,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். கறுப்பில் மஞ்சள் எழுத்து, இரண்டு விரல் உயரத்துக்கு. கடை போர்டு மாதிரி இருக்கிறது என்றாலும் சுகமாகப் படிக்க முடிகிறது. குரலும் இப்போது சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறது. இவர் நேற்று வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "ஏன்டி, ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவள வீட்டுக்குக் கூட்டியாந்துட்டியா?" என்றார். "ஆமா, ஒங்களவிட சொன்ன பேச்சு கேக்குறா" என்றேன். "அப்ப அவளையே ஒல வைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவரே போய் அரிசியைக் களைந்தார். உன் கேள்விக்கு அதுதான் பதில். பார்த்துக்கொள்கிறார்.

படப்பெயர் விஷயத்தில் நான் இறங்கிவரமாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் படத்துக்கு அதன் பெயரைச் சொன்னதே கிடையாது. 'மூன்று குடை போடு' என்றால் சிநேகா நாலு வயதிலேயே எடுத்துவருவாள். தமிழில் பழைய படத்தின் பெயரையே புதிதாக இன்னொருவன் வைத்துவிடுகிறான். ஒரே பெயரில் இரண்டு மூன்று வட்டு இருக்கிறது. கிணறு ஒன்றுதான். வேண்டுமானால் உன் ஆறுதலுக்கு, 'மூலப்பெயர்' என்ற கட்டத்தில் உண்மைப் பெயரைப் போட்டுவிடுகிறேன். மேலே எங்கள் பெயர்தான் நிற்கும்.

பேக்கப் எடுத்துவிட்டேன். கணினித் திரையில் அந்த மென்பொருளின் படம் இருக்கிறதே, அதை அப்படியே இழுத்துப் பென் டிரைவில் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. பென் டிரைவைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை கணினியைத் திறந்து வைக்கிறேன். நாங்கள் ஒரு காதுகுத்துக்குப் போகிறோம். நீ உன்பாட்டுக்கு வேலையைப் பார்.

தை பிறந்ததிலிருந்து கண் கொஞ்சம் வேகம் காட்டுகிறது. தட்டில் கறியைப் பார்த்தால் சோறு தெரியவில்லை. அதனால் நானும் வேகம் காட்டுகிறேன். காலையில் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி. எழுத எழுத, எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று நம்பிக்கை வருகிறது.

அன்புடன்,
பூமயில்

*

இராமநாதபுரம்
13.2.2024

காலிதா,

ஞாயிற்றுக்கிழமை 'எல்லாம் நிரம்பிவிட்டது, திறந்து கேள்' என்று செய்தி அனுப்பியிருந்தாய். கேட்டேன். கிணற்றுப் படத்தைத் திறந்தேன். 'கிராமத்துப் பெண் ஒருத்தியின் வாழ்வில் காதலும் துரோகமும் ஏற்படுத்தும் மாற்றங்களைச் சித்தரிக்கும் குடும்பத் திரைப்படம்' என்று படித்தது. லாரிப் படத்தைத் திறந்தேன். 'நேர்மையான ஓட்டுநர் ஒருவர் சந்திக்கும் சோதனைகள்' என்றது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போனேன். கதைச்சுருக்கம் என்ற கட்டத்தில் கதைச்சுருக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

பென் டிரைவை இவர் எடுத்துக்கொண்டுபோய்க் கணினிக் கடையில் காட்டினார். அதில் இருப்பது மென்பொருளைத் திறக்கும் பொத்தான் மட்டும்தானாம். உள்ளே ஒன்றும் இல்லையாம். "வீட்ட எடுத்துட்டு வாரேன்னு கதவு நம்பர் தகட்டக் கழட்டிட்டு வந்திருக்கீங்கண்ணே" என்றாராம் கடைக்காரர். அவர் மேல் தப்பில்லை. எனக்கே வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

எட்டு மாத வேலை. அது போனால் இன்னொரு எட்டு மாதம் உட்காரலாம். ஆனால் ஆனியில் தெரிந்த அளவு இப்போது எனக்குத் தெரியவில்லை.

நீ நல்லதற்குத்தான் செய்தாய். பேக்கப்பில் கோட்டைவிட்டவள் நான். இரண்டும் தெரிகிறது. தெரிந்தும் உன் குரலைக் கேட்க இப்போது முடியவில்லை. போன் செய்யாதே. கணினி அனுமதியை எடுத்துவிட்டேன்.

பூமயில்

*

கிள்ளான்
20.2.2024

அன்புள்ள பூமயில்,

போன் செய்யவில்லை. இதைப் படிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் நடந்தது என்ன என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அந்தச் செட்டிங்கில் இரண்டு வழி இருந்தது. 'காலியான கட்டங்களை மட்டும் நிரப்பு' என்பது ஒன்று. 'எல்லாவற்றையும் புதிதாக மாற்று' என்பது மற்றது. நான் இரண்டாவதைத்தான் தொட்டேன். கை தவறி இல்லை, தெரிந்தேதான். மருந்துக் கடையில் பழைய விலை, பழைய காலாவதித் தேதி ஒரு கட்டத்தில் தங்கிவிட்டால் ஆபத்து. புதியது வந்து பழையதை அழிக்க வேண்டும் என்பது என் விரலுக்குப் பழகிப்போனது. நீ எந்தக் கட்டத்தில் எழுதுகிறாய் என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தாய். படித்தேன். படித்தது மூளை. தொட்டது விரல்.

மென்பொருள் செய்தவர்களுக்கு எழுதினேன். சிநேகாவை வைத்து உங்கள் கணினியில் பழைய நகல் எங்கேயாவது கிடக்கிறதா என்று தேடவைத்தேன். இல்லை.

மன்னிப்புக் கேட்டு உனக்கு இன்னொரு வேலை வைக்க எனக்கு விருப்பமில்லை. அழித்ததை நான் திரும்ப எழுதுகிறேன். நெட்டில் கிடைக்கிற படத்தை நெட்டில் பார்க்கிறேன், கிடைக்காததைச் சிநேகா நகல் எடுத்து அனுப்பட்டும். நான் சினிமாக்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். கல்லூரியில் நீ இழுத்துப்போன படங்களில் பாதிக்குமேல் தூங்கியிருக்கிறேன். இருந்தாலும் எனக்கு இரண்டு நல்ல கண் இருக்கிறது. முதலாவதாகக் கிணற்றுப் படம். எல்லோரும் கிணற்றடியைத்தான் சொல்வீர்கள் என்று சிநேகா சொன்னதால் அதையே எழுதினேன்:

'வீட்டின் பின்புறம். கிணறு. பெண், பச்சைச் சேலை. வாளியை இறக்குகிறாள். இறைக்கிறாள். தொட்டியில் ஊற்றுகிறாள். மறுபடியும் இறைக்கிறாள். இடது ஓரம்: இன்னொரு பெண், முறம். தொட்டி நிரம்பி வழிகிறது. பெண் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிறுத்துகிறாள். வீட்டுக்குள் போகிறாள். காட்சி முடிந்தது.'

சரியாக இருக்கிறதா என்று சொல். வாரம் இரண்டு படம் முடிப்பேன்.

உன்,
காலிதா

*

இராமநாதபுரம்
9.3.2024

காலிதா,

உன் காட்சி வந்தது. லாரியிலிருந்து சரக்கு இறக்கிய சீட்டு மாதிரி இருக்கிறது. பச்சைச் சேலை ஒன்று, வாளி ஒன்று.

கேலிக்காக இதை எழுதவில்லை. எனக்கு எது வேண்டும் என்பது உனக்குப் புரிய வேண்டும். நான் எழுதியிருந்ததை நினைவிலிருந்து சொல்கிறேன்:

'கிணற்றடியில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவன் வரமாட்டான் என்று தெரிந்த பிறகு நேராக இங்கேதான் வந்திருக்கிறாள். அவளுக்குத் தண்ணீர் தேவையில்லை. கைக்கு ஒரு வேலை தேவை. வாளி பாதி ஏறும்போது ஒருதரம் கை நின்றுவிடுகிறது. கயிறு நடுங்குகிறது. அவள் முகத்தைப் பார்க்காதே, கயிற்றைப் பார். மறுபடி இழுக்கிறாள். தொட்டி வழிந்து தண்ணீர் அவள் காலை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. இந்த உலகத்தில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை, அந்தக் கயிறுதான் இருக்கிறது.'

இதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரிகிறதா? அப்புறம், இந்த முறம் எங்கிருந்து வந்தது? அவள் தனியாக இருப்பதுதான் காட்சியே. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் தெரியுமா? ஒரே பெயரில் வேறு படம் உண்டு என்று சொன்னேனே, அதைப் பார்த்துவிட்டாயா? இல்லை, கடையில் கணக்கைப் பார்த்துக்கொண்டே அரைக்கண்ணில் பார்த்தாயா? அரைக்கண்ணில் பார்க்க இங்கேயே ஆள் இருக்கிறேன்.

நான் மறுபடி தொடங்கிவிட்டேன். இந்த மாசி முழுவதும் அந்தச் செட்டிங்ஸ் பக்கத்தை வரி வரியாகக் குரலை வைத்துப் படித்தேன். யார் உதவியும் இல்லை. சொந்தமாக ஒரு கட்டம் உண்டாக்கலாம் என்று கண்டுபிடித்தேன். அதற்குப் 'பேச்சில்லாத இடம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நாமே உண்டாக்கிய கட்டத்துக்குள் நெட்டிலிருந்து எதுவும் நுழையாது. இருந்தாலும் பூட்டும் போட்டிருக்கிறேன். பேக்கப் தினமும் எடுக்கிறேன். எடுத்ததைத் திறந்தும் கேட்கிறேன்.

எல்லாப் படத்தையும் முடிக்க இயலாது. கணக்குப் பிள்ளையாக இருந்தவளுக்கு அது தெரியும். எது முடிகிறதோ அது. முன்னே ஒரு காட்சியைக் கொஞ்ச நேரத்தில் எழுதினேன். இப்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, நிறுத்தி நிறுத்தி, ஒரு காட்சிக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். தோட்டத்தில் பழம் பறிக்கிற பெண்கள் ஒவ்வொரு செடியாகத்தானே குனிகிறார்கள்.

அதனால் நீ எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது என் கண்ணால் பார்த்தது. உன் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பூமயில்

*

கிள்ளான்
19.3.2024

அன்புள்ள பூமயில்,

நோன்பு நடக்கிறது. கடையில் மதியத்துக்குமேல் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் கிணற்றடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

நீ எழுதியது என்னுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருக்கிறது. கயிறு நடுங்குவதை நான் கவனிக்கவே இல்லை. நீ சொன்ன பிறகு பார்த்தால் வேறெதையும் பார்க்க முடியவில்லை. படத்தைப் பார்ப்பது என்றால் என்ன என்று இந்த வயதில் எனக்குத் தெரிகிறது.

நான் பார்த்தது வேறு படம் இல்லை. உன் வட்டிலிருந்தே அந்தக் காட்சியை நகல் எடுத்து அனுப்பச் சொல்லிச் சிநேகாவிடம் வாங்கினேன். அதிலும் முறம் இருக்கிறது.

அவள் தனியாக இல்லை, பூமயில்.

திரையின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி இன்னொரு பெண் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருக்கிறாள். காட்சி தொடங்கியதிலிருந்து முடியும்வரை இருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. வாளி பாதியில் நிற்கிறது என்று எழுதினாயே, அப்போது முறமும் நிற்கிறது. கயிறு மறுபடி ஏறத் தொடங்கிய பிறகுதான் முறமும் ஆடுகிறது. தொட்டி வழிந்து தண்ணீர் அவள் இருக்கும் இடத்துக்கு ஓடிவருகிறது. தானியக் குவியலை மட்டும் நகர்த்திவிட்டு, ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போகவில்லை. முதல் தடவை 'முறம்' என்று ஒரு சொல்லோடு இதைத் தாண்டிப் போனது என் குறைதான். ஆனால் அவள் இருக்கிறாள்.

இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். உன் கண் ஓரத்தைக் காட்டுவதில்லை என்று நீயே எழுதியிருந்தாய். கிணற்றடியிலிருப்பவளைப் பார்க்கும்போது உன் உழக்குக்குள் மற்றவள் வரவில்லை. அழிந்துபோன எட்டு மாத எழுத்திலும் இப்படி யார் யார் விடுபட்டிருந்தார்களோ, தெரியாது. அழித்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் நீ கண்ணை நாலு வருடம் என்னிடம் மறைத்தது தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ, அதை நான் உனக்குச் செய்ய மாட்டேன்.

திட்டு. நன்றாகத் திட்டு. வேல்சாமி அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒருதரம் வட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் திட்டு.

உன்,
காலிதா

*

இராமநாதபுரம்
14.4.2024

அன்புள்ள காலிதா,

பெருநாள் நன்றாக நடந்ததா? வசீம் ஊருக்கு வந்திருந்தானா? இங்கே இன்று சித்திரைப் பிறப்பு. தேர்தல் வேறு. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோக்கள் தெருவைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பேச்சில்லாத காட்சி எழுதுவதற்கு ஏற்ற காலம் இல்லை.

இத்தனை நாள் பதில் போடவில்லை. முதல் ஒரு வாரம் கோபம். உன்மேல்தான். வட்டைப் போடவே இல்லை. போட்டுப் பார்த்து நீ சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். பிறகு ஒரு நாள் இவர் மிளகாயை மண்டியில் போட்டுவிட்டு, நல்ல விலை கிடைத்த தெம்பில் வந்தார். பிடித்து உட்காரவைத்தேன்.

"இடது பக்கம் யாரும் இருக்காங்களா பாருங்க."

"இருக்காளே. மொறத்த வச்சுப் பொடைச்சுக்கிட்டு. எப்பவும் இருக்கிறவதான?"

"எப்பவும்னா?"

"முந்தி பாக்கயிலயும் அங்கனதான் இருந்தா. எந்திரிச்சு எங்க போகப்போறா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்கு என்னடி தெரியும்?" என்றார். அப்புறம் அவரே எழுந்து அந்தக் காட்சியை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டார்.

தலையைத் திருப்பி, என் உழக்கை இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன். இருந்தாள். முறம் நிற்பதையும் பார்த்தேன். ஆனால் அவளைப் பார்த்தபோது கிணற்றடியில் இருந்தவள் போய்விட்டாள். இங்கே வந்தால் அவள் இல்லை, அங்கே போனால் இவள் இல்லை. இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க முடியவில்லை, காலிதா. காட்சி முடிகிறவரை மாறி மாறிப் போய்வந்தேன்.

மறுநாள் லாரிப் படத்தைப் போட்டோம். அதில் ஓட்டுநர் இரவெல்லாம் வாயசைத்துக்கொண்டே போவான், இசை மட்டும்தான் கேட்கும். துக்கத்தில் தனக்குத்தானே பேசுகிறான் என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். "பக்கத்துல கிளீனர் பய வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறான்டி" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தேன், இவர்தான் பயந்துபோய் எழுந்து விளக்கைப் போட்டார்.

ஆகவே நீ அழித்தது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. நல்லது இல்லை. அந்தக் கயிற்றை ஆனி மாதத்தில் பார்த்ததுபோல இனி நான் பார்க்கமாட்டேன். அது போனது போனதுதான். ஆனால் 'அவளைத் தவிர யாரும் இல்லை' என்ற வரியை மறுபடி எழுதவும் எனக்குக் கை வராது.

போன வாரம் மறுபடி செட்டிங்ஸுக்குள் போனேன். 'பேச்சில்லாத இடம்' கட்டத்துக்கு அடுத்து இன்னொரு கட்டம் உண்டாக்கியிருக்கிறேன். பெயர் 'ஓரம்'. குரல் முதலில் என்னுடையதைப் படிக்கும், பிறகு அதைப் படிக்கும். வெளியிலிருந்து ஒருவரை உள்ளே விட அதில் வழி இருக்கிறது. பார்க்கலாம், சேர்க்கலாம், அழிக்கலாம் என்று மூன்று டிக். உன் பெயருக்கு எதிரில் முதல் இரண்டையும் போட்டிருக்கிறேன். மூன்றாவது உனக்குக் கிடையாது. உன் விரலைப் பற்றி நீயே எழுதியிருக்கிறாய், கோபித்துக்கொள்ளாதே.

இவர் சொல்வதை எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பாய். சிநேகாவும் கேட்டாள். இவருக்குப் படத்தில் யார் வந்தாலும் பக்கத்து ஊர் ஆளாகத் தெரிகிறது. "இவன் நம்ம முனீஸ்வரன் மாதிரியே முழிக்கிறான்" என்று தொடங்கிவிடுகிறார். முறம் நிற்பதைப் பார்த்துச் சொல்ல நீ வேண்டும்.

வாரம் இரண்டு படம் எல்லாம் வேண்டாம். ஒரு படம் போதும். நான் நடுவை எழுதி முடித்ததும் அது உன் திரையில் தெரியும். அப்புறம் நீ எழுது. சீட்டு மாதிரி எழுதாதே. போன கடிதத்தில் எழுதினாயே, அப்படி எழுது. என் வரி தப்பாக இருந்தால் தப்பு என்று எழுது. நான் சண்டை போடுவேன், போட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டுப் பார்ப்பேன்.

கிணற்றுப் படத்திலிருந்தே தொடங்கலாம். அவள் புடைப்பது நெல்லா, உளுந்தா? குவியலை நகர்த்தும்போது முறத்தைக் கீழே வைக்கிறாளா, மடியிலேயே வைத்துக்கொள்கிறாளா? சேலை என்ன நிறம்? முகம் தெரிகிறதா? எல்லாம் எழுது. நீ அவளைப் பார்த்துக்கொள். கிணற்றடியில் இருப்பவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
பூமயில்